எங்க பாட்டி அடிச்சிருப்பா!

2023 நவம்பர் 20, திங்கட்கிழமை. மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் காலை லோக்கல். பெட்டியில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. முதல் நாள் ராத்திரிதான் அகமதாபாத்தில் உலகக் கோப்பை ஃபைனலில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றிருந்தோம். பத்து மேட்ச் வரிசையாக ஜெயித்துவிட்டு, பதினோராவதில் 240 ரன்னுக்கு ஆல் அவுட்.

கொருக்குப்பேட்டை வரைக்கும் மௌன அஞ்சலி. தண்டையார்பேட்டை தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர் ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். காலில் சேஃப்டி ஷூ, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, மடியில் டிபன் கேரியர்.

"நூத்தி ஏழு பாலு ஆடி அறுபத்தாறு ரன்னு. ஒரே ஒரு ஃபோரு! எங்க பாட்டியை இறக்கி விட்டிருந்தாகூட ரெண்டு ஃபோர் அடிச்சிருப்பா சார்."

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், முதல் நாள் ராத்திரி கே.எல்.ராகுல் அந்த இன்னிங்ஸை ஆடிக்கொண்டிருந்தபோது இதே அர்த்தத்தில், இதைவிட மோசமான வார்த்தைகளில், நான் என் வீட்டு டி.வி.யைத் திட்டியிருக்கிறேன். என் மனைவி சமையலறையிலிருந்து, "நீங்க போய் அடிங்களேன்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருக்காது. ஆனாலும் நாம் பேசாமல் இருப்பதில்லையே!

இந்த வாரம் நம்மைத்தான் திட்டப்போகிறேன். உங்களையும் என்னையும்.

முதலில் அந்தப் பாட்டிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று பார்த்துவிடலாம். பிட்ச் 22 கஜம். ஆனால் பௌலர் கை விடுகிற இடத்துக்கும் பேட்ஸ்மேன் நிற்கிற கோட்டுக்கும் நடுவே சுமார் 17.68 மீட்டர்தான். மிட்செல் ஸ்டார்க் மாதிரி ஒருவர் மணிக்கு 140 கிலோமீட்டரில் போட்டால் அந்தத் தூரத்தைக் கடக்க அரை வினாடிகூட முழுசாக ஆகாது. கண் பார்த்ததைக் கை செய்ய ஆரம்பிக்கவே மனுஷ உடம்புக்கு 0.2 வினாடி வேண்டும். மிச்சம் இருப்பதில்தான் பந்து எங்கே குத்தும், உள்ளே வருமா வெளியே போகுமா, காலை முன்னால் வைக்கலாமா பின்னால் வைக்கலாமா என்று முடிவு செய்து, ஒரு கிலோவுக்கு மேல் கனமுள்ள மட்டையையும் சுழற்றியாக வேண்டும். அதுவும் அன்றைக்கு பிட்ச் மெதுவானது. பழைய பந்து ரிவர்ஸ் ஆகிக்கொண்டிருந்தது. பாட்டி பால் வந்ததையே விக்கெட் கீப்பர் கத்திய பிறகுதான் தெரிந்துகொண்டிருப்பாள்.

2000-ம் வருஷம் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்று இங்கிலாந்து விஞ்ஞானிகள் இரண்டு பேர் ஒரு வேலை செய்தார்கள். மூன்று பேட்ஸ்மேன்களின் தலையில் குட்டிக் கேமராவை மாட்டி, பௌலிங் மெஷின் முன்னால் நிறுத்தினார்கள். ஒருவர் புரொஃபஷனல். இன்னொருவர் நன்றாக ஆடும் அமெச்சூர். மூன்றாமவர் நம்ம ஆள், ஆசை மட்டும் நிறைய உள்ளவர். யாருமே பந்தை முழுக்கப் பின்தொடரவில்லை. பந்து கிளம்புவதைப் பார்க்கிறார்கள். உடனே கண் தாவி, அது குத்தப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறது. நல்ல பேட்ஸ்மேன் கண் சீக்கிரம் தாவுகிறது. நம்ம ஆள் கண் லேட்டாகத் தாவுகிறது. கவனியுங்கள், புரொஃபஷனலுக்குப் பார்வை அதிகக் கூர்மை என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி மாற்றினால் இது வராது.

சரி, அப்படியானால் டி.வி.யில் ஏன் அவ்வளவு சுலபமாகத் தெரிகிறது? கேமரா செய்கிற மோசடி. பௌலர் தலைக்குப் பின்னால் ரொம்ப உயரத்தில், ரொம்ப தூரத்தில் இருந்து ஜூம் போட்டுக் காட்டுகிறார்கள். ஜூம் போட்டால் பிட்ச் சுருங்கி, பந்து சாவகாசமாக மிதந்து போவது போலத் தெரியும். அப்புறம் ஸ்லோமோஷனில் நான்கு தடவை. நாலாவது தடவை பார்க்கும்போது எனக்கே தெரிகிறது, அதை விட்டிருக்க வேண்டும் என்று. ராகுலுக்கு அந்த நாலு தடவை கிடைக்கவில்லை.

நான் படித்தது பி.காம். விஞ்ஞானம் எனக்கு இரவல், கணக்குதான் சொந்தம். எனவே ஒரு சின்ன ஐந்தொகை போட்டுப் பார்க்கிறேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடுகிறவர் என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்குப் பதினைந்து பந்து உங்களுக்குக் கிடைத்தால் பெரிசு. வருஷத்துக்கு 780 பந்து. மழை, கல்யாணம், மைத்துனர் வீட்டு கிரகப்பிரவேசம் எதையும் கழிக்கவில்லை. கிரிக்கெட்டே பிழைப்பாக உள்ளவர் வலையில் நாளைக்கு 300 பந்து, வருஷத்தில் 300 நாள் ஆடுகிறார் என்று வையுங்கள். 90,000 பந்து. அவர் ஒரு வருஷத்தில் ஆடியதை நீங்கள் ஆடி முடிக்க 115 வருஷம் ஆகும். அவர் பன்னிரண்டு வயதிலிருந்து ஆடுகிறார் என்பதை நான் இன்னும் பெருக்கவே இல்லை. உங்களுக்குப் பந்து போடுவது அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் குமாஸ்தா என்பதையும் கணக்கில் சேர்க்கவில்லை.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலை மைதானத்தில் பத்திரிகைக்காரர்களுக்கும் கம்பெனி டீமுக்கும் ஒரு நட்பு ஆட்டம். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் அபார்ட்மென்ட் டென்னிஸ் பால் மேட்ச்சில் நான் 38 ரன் அடித்திருந்தேன். அந்த 38 என்னை எவ்வளவு கெடுத்து வைத்திருந்தது தெரியுமா! போகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே போனேன்.

பந்து போட வந்தவர் டெஸ்பாட்ச் செக்‌ஷன்காரர். நாற்பதைத் தாண்டியவர், லேசாகத் தொப்பை. அடிச்சுடலாம் என்றுதான் நினைத்தேன்.

முதல் பந்தை நான் பார்க்கவில்லை. 'டப்'பென்று கீப்பர் கையில் சத்தம் கேட்டது. இரண்டாவது தொடையில். டென்னிஸ் பந்து 58 கிராம். கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது. இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்தால் புரியாது, தொடையில் வாங்கினால் உடனே புரியும். மூன்றாவது பந்தை அடித்துவிட்டேன் என்றே நம்பினேன், திரும்பிப் பார்த்தால் அதுவும் கீப்பர் கையில். நாலாவது பந்து வருவதற்கு முன்னாலேயே என் வலது கால் என்னைக் கேட்காமல் ஸ்கொயர் லெக் பக்கம் போய்விட்டது. ஸ்டம்ப் விழுந்த சத்தம் கேட்டு எனக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி.

சாப்பாட்டின்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு காலத்தில் சென்னை லீக்கில் முதல் டிவிஷன் ஆடியவராம். "பயங்கர வேகம் சார்" என்றேன். அவர் சங்கடமாக நெளிந்தார். "இல்ல சார், கெஸ்ட்டுன்னு பாதி வேகத்துலதான் போட்டேன்."

பாதி வேகம்!

நான் தெரிந்துகொண்டது அதற்கப்புறம் அவர் சொன்னதிலிருந்துதான். தன் உச்சத்தில் இருந்தபோது ஒரு தடவை ரஞ்சி பேட்ஸ்மேன் ஒருவருக்குப் பந்து போட்டாராம். "ஆறு ஓவர் முழு வேகத்துல போட்டேன் சார். என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். அவர் பேப்பர் படிக்கற மாதிரி ஆடினாரு. கோபமா அடிச்சிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். நான் போட்டதே அவருக்கு ஞாபகம் இருக்காது." அந்த ரஞ்சி பேட்ஸ்மேன் இந்தியாவுக்கு ஆடியவர் இல்லை. ஆடியவர்களைப் பற்றி அவர் என்ன சொல்லுவாரோ!

நானும் இவரும், இவரும் அவரும். மாடிக்கு மேல் மாடி. கீழ்த்தளத்தில் நிற்கிற நமக்கு எல்லா மாடியும் ஒரே உயரமாகத் தெரிகிறது. ஒரு விஷயம் பாருங்கள். லீக் ஆடிய இந்த மனுஷர் டி.வி. பார்க்கும்போது வாயே திறப்பதில்லையாம். "எப்படி சார் ஆடறாங்க" என்று மட்டும்தான் சொல்வாராம். மைதானத்திலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தம் நமக்கு.

உடனே ஒருத்தர் கையைத் தூக்குவார், தெரியும். "நடராஜன் டென்னிஸ் பால்லேருந்து வந்தவர்தானே? வருண் சக்கரவர்த்தி ஆர்க்கிடெக்ட்தானே?" ஆமாம் சார். அந்தக் கதையின் மத்தியப் பகுதியையும் கொஞ்சம் படியுங்கள்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பால்தான். சுற்று வட்டாரத்தில் அவர் யார்க்கரைத் தொட ஆளில்லை. உங்கள் ஏரியாவில் நீங்கள் சூரர் என்றால் அவர் அந்த மாதிரி நூறு ஏரியாவுக்குச் சூரர். அப்பேர்ப்பட்டவர் சென்னை லீக்குக்கு வந்து, கிரிக்கெட் பந்தைப் பிடித்து, 2015 ஜனவரியில் ரஞ்சி ஆடினார். ஆடிய கையோடு பந்து போடும் முறையில் சந்தேகம் என்று புகார். உட்கார்ந்து கையை அடிப்படையிலிருந்து மாற்றினார். 2016-ல் டி.என்.பி.எல்., 2017-ல் மூன்று கோடிக்கு ஐ.பி.எல்., அப்புறம் காயம், பெஞ்ச். இந்தியத் தொப்பி தலையில் ஏறியது 2020 டிசம்பரில். அந்த ஆஸ்திரேலியா டூருக்குக்கூட நெட் பௌலராகத்தான் போனார். எங்கும் தோற்காத டென்னிஸ் பால் சூரருக்கே இத்தனை வருஷம் ஆனது.

வருண் கதை இன்னும் காரம். 2018 டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடி. 2019 மார்ச்சில் ஐ.பி.எல்.லில் முதல் ஓவர். எதிரே சுனில் நரைன். 25 ரன்! தமிழ்நாட்டில் யாருக்கும் பிடிபடாத மர்மச் சுழல் அடுத்த மாடியில் ஆறே பந்தில் பிடிபட்டுவிட்டது. அவர் திரும்பி வந்து, 2021 உலகக் கோப்பையில் சறுக்கி, ஓரம் கட்டப்பட்டு, மறுபடி வந்து, 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில் நியூஸிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தார். 'நானும் ஆர்க்கிடெக்ட், அவரும் ஆர்க்கிடெக்ட்' என்று நினைக்கிறவர்கள் நடுவில் உள்ள ஆறு வருஷத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை என்பதில் ஒரு அல்ப சந்தோஷம். 2019-ல் பிரிட்டனில் ஒரு கருத்துக் கணிப்பு. 'செரினா வில்லியம்ஸுடன் டென்னிஸ் ஆடினால் ஒரு பாயின்ட்டாவது எடுப்பீர்களா?' எட்டு ஆம்பளைகளில் ஒருத்தர் எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார்! 23 கிராண்ட் ஸ்லாம் ஜெயித்த பெண்மணி. "ஏன், 1998-ல ஒரு ஜெர்மன்காரர் செரினாவை 6-1னு ஜெயிச்சாரே" என்பீர்கள். ஜெயித்தார். கார்ஸ்டன் பிராஷ். அவர் அப்போது உலகத்தில் 203-வது இடத்தில் இருந்தவர். நீங்கள் எத்தனாவது?

செஸ்ஸில் மட்டும் இந்த வாய்ச்சவடால் கிடையாது, கவனித்தீர்களா? 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆன குகேஷ், நம்ம திருவள்ளூர் மாவட்டத்து மேல் அயனம்பாக்கம் பள்ளியில் படித்த பையன்தான். அவர் தோற்கிற அன்றைக்கு யாராவது "நான் ஆடியிருந்தா குதிரையை வெட்டியிருப்பேன்" என்கிறார்களா? மாட்டார்கள். அங்கே ரேட்டிங் என்று ஒரு நம்பர் இருக்கிறது. 400 புள்ளி வித்தியாசம் என்றால் பத்து ஆட்டத்தில் ஒன்பது போச்சு என்று கணக்கு சொல்லிவிடும். கிரிக்கெட்டில் நம் நெற்றியில் அப்படி நம்பர் ஒட்டவில்லை, தப்பித்தோம்.

'சும்மா ஜாலியா பேசறோம், இதுக்குப் போய் இப்படிக் குதிக்கறீங்களே' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு பையனைப் பார்க்கும் வரைக்கும்.

பதினாலு வயது. நல்ல உயரம், இயற்கையான வேகம். ஒரு கோச் கண்டுபிடித்து, வாரத்துக்கு இத்தனை ஓவருக்கு மேல் போடாதே என்று அளவு சொல்லி வைத்திருந்தார். அப்பா கிரிக்கெட் பைத்தியம், ஞாயிற்றுக்கிழமை சூரர். "கோச்சுக்கு என்ன தெரியும், நான் ஆடாத ஆட்டமா?" என்று தினமும் காலையில் ஏரிக்கரையில் பையனைப் பதினைந்து ஓவர் போட வைத்தார். ரன்-அப்பை மாற்றினார். 'இன்னும் வளைஞ்சு போடு' என்றார். வளர்கிற வயதில் வேகப்பந்து போடும் பையன்களுக்கு அடி முதுகு எலும்பில் விரிசல் விடுவது இந்தத் தொழிலில் ஊரறிந்த ஆபத்து; அதற்காகத்தான் சின்னப் பையன்களுக்கு ஓவர் கணக்கு வைக்கிறார்கள். நான் பார்த்தபோது பையன் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தான். அப்பா நல்ல மனுஷர். பிள்ளை மேல் உயிர். அழுதுகொண்டே என்னிடம் சொன்னார், "எனக்குத் தெரியும்னு நினைச்சேன் சார்."

இதே நினைப்புதான் இன்னொரு இடத்தில், விளையாட்டு என்றால் வேலை இல்லை என்று முடிவு கட்டுகிறது. பி.டி. பீரியடை மேத்ஸ் வாத்தியார் பிடுங்கிக்கொள்ளலாம், ஊருக்கு ஒரே மைதானத்தில் கட்சிக் கூட்டம் போட்டுக் குழி தோண்டலாம், ஓடிக்கொண்டிருக்கிற பெண் பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்தலாம். ஏனென்றால் அது நமக்கே வரக்கூடிய ஒன்றுதானே! நமக்கே வரும் என்று நினைக்கிற எதற்கும் நாம் காசு கொடுப்பதில்லை.

மறுபடி அந்த லோக்கலுக்கு வருகிறேன். திருவொற்றியூர் வந்தது. எம்.ஆர்.எஃப். டயர் ஃபாக்டரி இருக்கிற ஊர். அந்தக் கம்பெனி 1987-ல் சென்னையில் வேகப்பந்துப் பள்ளி ஆரம்பித்தபோது பம்பாயிலிருந்து ஒரு பையன் ஃபாஸ்ட் பௌலர் ஆகவேண்டும் என்று வந்தான். டென்னிஸ் லில்லி பார்த்துவிட்டு, நீ பேட்டிங்கைக் கவனி என்று திருப்பி அனுப்பினார். டெண்டுல்கர். வேகப்பந்தில் அவரும் நம்மைப் போல ஒரு ஆசைக்காரர்தான். ஒரே வித்தியாசம், சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

இதைச் சொன்னதும் சேஃப்டி ஷூக்காரர் என்னோடு சிநேகமாகிவிட்டார். என்ன வேலை என்று கேட்டேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் ஃபோர்மேன். பழைய மாடல் மில். உலையிலிருந்து வரும் இரும்பு, உருளைகளுக்கு நடுவே புகுந்து மறு பக்கம் செக்கச்செவேலென்று பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வரும். ஆயிரம் டிகிரி சூடு. நீள இடுக்கியோடு நிற்கிற ஆள் அதன் தலையைக் கவ்வி, திருப்பி, அடுத்த உருளைக்குள் விட வேண்டும். தவறினால் கம்பி எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

"ஒரு வாரத்துல கத்துக்கலாமா?" என்று அப்பாவியாகக் கேட்டேன்.

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் விளையாடறீங்களா? மூணு மாசம் சும்மா பக்கத்துல நின்னு பாக்கவே விடுவேன். கம்பி வர்றதைப் பார்த்துட்டுக் கை போட்டா காலி. உருளை சத்தம் மாறும் பாருங்க, அதை வெச்சே தெரியணும். எனக்கு வர ஆறு வருஷம் ஆச்சு. இப்ப மேனேஜ்மென்ட்ல புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. 'இதுல என்னய்யா இருக்கு, பிடிச்சு விடறதுதானே'ன்னு கான்ட்ராக்ட்ல நேத்து வந்த பையனை நிக்க வைக்கச் சொல்றாரு. அவரை ஒரு நாள் நிக்கச் சொல்லுங்க!"

"சத்தத்தை வெச்சு முன்னாலயே தெரியணும்கறீங்க. அதைத்தானே சார் ராகுலும்..." என்று இழுத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். டிபன் கேரியரை எடுத்தார்.

"அது வேற சார், இது வேற" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

டெஸ்பாட்ச் செக்‌ஷன்காரர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பொன்னேரிப் பக்கம் ஒரு மைதானத்தில் சின்னப் பசங்களுக்குப் பந்து போடுகிறார், ஓவர் கணக்கு எழுதி வைத்துக்கொண்டு. உங்களைப் பற்றி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஹெல்மெட், பேட், தொடைக்கு ஒரு கார்டு எல்லாம் அவரே தருவார். பத்து பால். ஒன்று மட்டையின் நடுவில் பட்டாலும் டீ, பன் பட்டர் ஜாம் என் செலவு. முழு வேகத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பாட்டியையும் கூட்டிக்கொண்டு வரலாம்.